சித்தப்பாவைக் கட்டிய ராணியும் ஒரு போலிச் சாசனமும்

அரச குடும்பங்கள் சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்ததைப் பற்றிப் பேச்செடுத்தால், எல்லோரும் நேராக ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் துருத்திய தாடைக்குப் போய்விடுகிறார்கள். மரபணுக் கோளாறு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்யாணங்களை முடித்துவைத்தவர்கள் போட்டது வாரிசுக் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிய போர்ச்சுக்கலைப் பார்க்க வேண்டும்.

1578-இல் மன்னர் செபாஸ்டியான் மொராக்கோ போரில் மாண்டார், கல்யாணம் ஆகவில்லை. (பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். அவர் அம்மா, அப்பாவுக்கு அத்தை மகளும் மாமன் மகளும் ஒருசேர. நமக்குக் கொள்ளுத் தாத்தா பாட்டிகள் எட்டுப் பேர் என்றால் அவருக்கு நாலே பேர்.) அடுத்து அரியணையேறிய வயதான கார்டினலும் (கல்யாணம் செய்யாத மதகுரு) 1580-இல் கண்ணை மூட, ஸ்பெயினின் இரண்டாம் பிலிப், 'என் அம்மா போர்ச்சுக்கல் இளவரசி' என்று உரிமை கொண்டாடி நாட்டை எடுத்துக்கொண்டார். மீட்க 1640 ஆயிற்று. பெண்ணை வெளியே கொடுத்தால் நாடும் கூடவே போய்விடும் என்ற பயம் அப்போது பிடித்ததுதான்.

அந்தப் பயத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது லமேகோ சாசனம். 12-ஆம் நூற்றாண்டில் முதல் மன்னர் கூட்டிய சபையில் எழுதியது என்று சொல்லி 1632-இல் அச்சேறியது. போலி என்பது பின்னால்தான் உறுதியானது. அதன்படி, அரசுரிமை உள்ள பெண் வெளிநாட்டானை மணந்தால் முடி கிடையாது. உள்நாட்டுப் பிரபுவை மணந்தாலும், ஆண் குழந்தை பிறக்கும்வரை அவனுக்கு அரசன் பட்டம் இல்லை. சபையில் ராணிக்கு இடப்பக்கம்தான் அவன் நடக்க வேண்டும். தலையில் கிரீடம் வைக்கக் கூடாது.

18-ஆம் நூற்றாண்டில் மன்னர் ஜோசேவுக்கு நாலும் பெண்கள். மூத்தவள் மரியாவுக்கு மாப்பிள்ளை யார்? வெளிநாட்டு இளவரசன் கூடாது. உள்ளூர்ப் பிரபுக்களையும் நம்ப முடியாது. ராஜாவைச் சுட்ட வழக்கில் தாவோரா என்ற பிரபுக் குடும்பத்தாரை 1759-இல் மேடையேற்றிக் கொன்றிருந்தார்கள். மிச்சம் ராஜாவின் தம்பி பெட்ரோ. அவரைக் கட்டிவைத்தால் 'மகளா, தம்பியா' என்ற வழக்கே எழாது. 1760 ஜூன் 6 அன்று 25 வயது மரியா 42 வயது சித்தப்பாவை மணந்தார். தாய்மாமனைக் கட்டும் நம் ஊரிலும் சித்தப்பா என்றால் அப்பா முறை. திருச்சபைச் சட்டம் தாய்வழி, தந்தைவழி என்று பிரிப்பதில்லை. உறவு எத்தனையாவது படி என்று எண்ணும், போப்பாண்டவர் விலக்கு தந்தால் விட்டுவிடும். இதில் ஒரு கூத்து: முறையாகச் சேதி சொல்லவில்லை என்று போப்பின் தூதர் மட்டும் கல்யாணக் கொண்டாட்டத்துக்குத் தன் மாளிகையில் விளக்கேற்றவில்லை. சில நாளில் அவரை நாட்டை விட்டே அனுப்பினார்கள். ரோமோடு உறவு ஏறக்குறைய பத்தாண்டு முறிந்து கிடந்தது.

இந்தக் கல்யாணத்தை என்னால் நியாயப்படுத்த முடியும். பிள்ளைகள் பிறந்தார்கள், 1777-இல் மரியா பட்டமேறியபோது பெட்ரோவும் அரசரானார். அக்காலத் தங்கக் காசில் இரண்டு முகமும் ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கும்.

நியாயமே இல்லாதது அடுத்தது. மரியாவின் அப்பா சாகக் கிடந்தபோது, அவர் இறப்பதற்கு மூன்றே நாள் முன்பு, 1777 பிப்ரவரி 21 அன்று, மரியாவின் மகன் 15 வயது ஜோசேவுக்கு 30 வயது சித்தி பெனடிட்டாவைக் கட்டிவைத்தார்கள். இணைக்க வேண்டிய உரிமை என்ன இருந்தது இங்கே? பையனின் உரிமை ஏற்கெனவே சித்தியினுடையதற்கு முன்னால் நிற்கிறது. வெளிநாட்டார் தடையும் ராணியின் கணவனுக்குத்தானே தவிர ராஜாவின் மனைவிக்கு அல்ல. இரண்டு கருச்சிதைவுகள், குழந்தை இல்லை. 1788-இல் ஜோசே பெரியம்மையில் இறந்தார். ஸ்பெயினில் பெண் எடுத்த தம்பி ஜொவாவோவால்தான் வம்சம் தொடர்ந்தது.

ஜொவாவோவின் மகன் பெட்ரோ, பிரேசில் பேரரசர், 1826-இல் பாட்டி காலத்துச் சூத்திரத்தைத் தூசி தட்டினார். ஏழு வயது மகள் மரியாவுக்கு முடியைக் கொடுத்து, அவள் தன் சித்தப்பாவை, அதாவது பெட்ரோவின் தம்பி மிகேலை மணக்க வேண்டும், அவன் புதிய அரசியல் சாசனத்துக்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். மிகேல் வியன்னாவில் சத்தியமும் செய்தார், நிச்சயமும் செய்துகொண்டார். 1828-இல் ஊர் திரும்பிச் சில மாதங்களில் தானே ராஜா என்றார். 1760-ல் தம்பி அண்ணன் மகளுக்குப் பின்னால் நிற்கச் சம்மதித்தார். இந்தத் தம்பி சம்மதிக்கவில்லை. அவர் பக்கத்துச் சட்ட வல்லுநர்கள் கையில் இருந்ததும் லமேகோதான்: பெட்ரோ பிரேசில்காரர் ஆகிவிட்டார், அந்நியருக்கு உரிமை இல்லை. உள்நாட்டுப் போர் 1834 மே மாதம்தான் முடிந்தது.

அதன்பின் இரண்டாம் மரியா மணந்த இருவருமே வெளிநாட்டார். முதல் கணவர் இரண்டே மாதத்தில் இறக்க, 1836-இல் ஜெர்மன் குடும்பத்து ஃபெர்டினாண்ட் வந்தார், பதினொரு பிரசவம். ஆனாலும் 1837 செப்டம்பரில் முதல் மகன் பிறந்த பிறகுதான் அவருக்கு அரசர் பட்டம் கொடுத்தார்கள்.