மூன்று வருடத்தில் காணாமல் போகும் கேஸ் ஷீட்

இருபத்தெட்டு வருடம் செவிலியராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டில். குழந்தை வெளியே வந்ததும் வாசலில் நிற்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி எல்லோருக்கும் தெரியும். அதற்கு உடனே பதில் சொல்ல முடியாமல் நான் நின்றது ஐந்தாறு தடவை இருக்கும். ரெஜிஸ்டரில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். "கொஞ்சம் பொறும்மா, டாக்டர் வந்து பார்க்கட்டும்" என்று தாயிடம் சொல்லிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டுவைப்போம்.

அப்படிப் பிறந்த ஒரு குழந்தையை என்னால் மறக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் கடைசி. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினோம். ஏழெட்டு மாதம் கழித்து பாட்டி மட்டும் வந்தார். "ஆபரேஷன் பண்ணிட்டாங்க சிஸ்டர், இனிமே பொண்ணுதான்" என்றார். வார்டில் எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்தான். அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து வயது தாண்டியிருக்கும். எப்படி இருக்கிறார், அன்றைக்கு மற்றவர்கள் எடுத்த முடிவு அவருக்குப் பொருந்தியதா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்டர்செக்ஸ் மனிதர்களின் உரிமை என்று பேச ஆரம்பித்தால் பேச்சு நேராகச் சட்டத்துக்குப் போய்விடுகிறது. ஊடுபால், இடைப்பாலினம் என்று தமிழில் சொல்கிறோமே, பிறக்கும்போதே உடம்பு ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்காதவர்கள், அவர்களைத்தான் சொல்கிறேன். சட்டம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எத்தனை குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது என்று எண்ண வேண்டும். அவர்கள் வளர்ந்த பிறகு தேடிப் போய்க் கேட்க வேண்டும். உலகத்தில் எங்கெல்லாம் இந்த விஷயம் கொஞ்சமாவது நகர்ந்ததோ, அங்கெல்லாம் யாரோ இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

கைக்குழந்தையிலேயே அறுத்துத் தைத்து, ஒரு பாலினத்தைச் சொல்லி வளர்த்துவிட்டால் குழந்தை அதிலேயே நிலைத்துவிடும் என்ற நம்பிக்கை 1950களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்து பரவியது. ஜான் மணி என்ற உளவியலாளர் அதன் முக்கியக் குரல். அவர் ஆதாரமாகக் காட்டிவந்தது டேவிட் ரைமரை. ரைமர் இன்டர்செக்ஸ் கூட இல்லை. சுன்னத்தின்போது நடந்த விபத்தில் குறி சிதைந்த ஆண் குழந்தை, பெண்ணாக வளர்க்கப்பட்டார். வெற்றி என்று பாடம் நடத்தினார்கள். மில்டன் டயமண்டும் கீத் சிக்மண்ட்சனும் அவர் வளர்ந்தபின் என்ன ஆனார் என்பதை 1997இல் எழுதினார்கள். பதின்பருவத்திலேயே அவர் ஆணாக வாழத் திரும்பியிருந்தார். இடைப்பட்ட வருடங்களில் எத்தனையோ குழந்தைகள் அந்த 'வெற்றி'யை நம்பியே மேசையில் கிடத்தப்பட்டார்கள்.

அமெரிக்காவில் 1993இல் இன்டர்செக்ஸ் மனிதர்களே ஒரு சங்கம் தொடங்கி மருத்துவர்களைக் கேட்டதும் இதைத்தான்: நீங்கள் சிகிச்சை செய்த குழந்தைகள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்கள்? 1996 அக்டோபர் 26 அன்று பாஸ்டனில், குழந்தை மருத்துவர்களின் மாநாட்டு வாசலிலேயே போய் நின்றார்கள்.

கேட்டபோது என்ன பதில் வந்தது? லண்டனில் ஒரு குழு, இப்படிப் பிறந்து வளர்ந்த பெண்களிடம் போய்க் கேட்டு, 2003இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. 39 பேர் பங்கெடுத்த சின்ன ஆய்வுதான். அவர்களில் தாம்பத்திய உறவில் இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். பெண்குறிக் காம்பில் அறுவை சிகிச்சை நடந்தவர்களில் 39 சதவீதத்தினரால் உச்சத்தை எட்டவே முடியவில்லை. அறுவை சிகிச்சை நடக்காதவர்களில் அப்படி ஒருவர்கூட இல்லை. இதை முகநூலில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நாம் பட்ட கூச்சத்தின் விலையை அந்தப் பெண்கள்தானே கொடுத்தார்கள்? பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று அறுத்தவர்கள் எழுதிவைத்தார்கள். உணர்வு இருக்கிறதா என்று கேட்கப் பல வருடம் ஆனது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஜெர்மனி. "அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை" என்று அங்கேயும் சொன்னார்கள். உல்ரிகே க்ளோப்பல் என்ற ஆய்வாளர் வாதத்துக்குப் போகவில்லை, மருத்துவமனைகளின் பில்லிங் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினார். 2005 முதல் 2014 வரை, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நோயின் பெயராக எழுதுவது மாறியிருந்தது, அறுவை சிகிச்சைகளின் விகிதமோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. 2021இல் அங்கே இந்தக் குழந்தைகளைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. அதில் ஒரு பிரிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு குழந்தைக்குச் சிகிச்சை செய்தால், அந்தக் குழந்தைக்கு 48 வயது நிறையும்வரை மருத்துவ ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டுமாம்.

நம் ஊரில் எத்தனை வருடம்? இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, உள்நோயாளி ஆவணத்தை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும். ஒரு வயதில் அறுவை சிகிச்சை நடந்தால் நான்கு வயதில் காகிதம் போய்விடலாம். பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை வந்து "எனக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது.

இத்தனைக்கும் தமிழ்நாடு இந்த விஷயத்தில் நாட்டுக்கே முன்னோடி. 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு அது. அதிலேயே, இன்டர்செக்ஸ் குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சைகளைத் தடை செய்யுங்கள் என்று அரசுக்கு உத்தரவிட்டார். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றார். மதுரையின் கோபி ஷங்கர் போன்ற செயல்பாட்டாளர்கள் பல வருடம் எழுதியும் பேசியும் வந்ததன் பலன் இது. அதே வருடம் ஆகஸ்டில் அரசாணை வந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. பெருமைதான். சரி, ஆணைக்கு முன் வருடத்துக்கு எத்தனை, பின் எத்தனை, எந்தக் காரணத்துக்காக எத்தனை பேருக்கு விலக்கு என்ற கணக்கை அரசு வருடாவருடம் வெளியிட வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு அறுவை சிகிச்சைக்கும் பில் போகிறது. க்ளோப்பல் செய்த வேலையை இங்கேயும் செய்யலாம்.

இங்கே நடந்த ஓர் ஆய்வு, அவசரம் எது என்பதையும் காட்டிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஐந்து நகரங்களில் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்தபோது, அட்ரினல் சுரப்பியில் வரும் 'சி.ஏ.எச்.' என்ற பிறவிக் குறைபாடு மொத்தத்தில் 5,762 பேரில் ஒருவருக்கு இருந்தது. சென்னையில் 2,036 பேரில் ஒருவருக்கு. பெண் குழந்தைக்கு இது இருந்தால், பிறப்புறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாமல் போகலாம். இதில் ஒரு வகையில் உடம்பிலிருந்து உப்பு வெளியேறி, இரண்டு மூன்று வாரத்திலேயே குழந்தை இறந்துபோகலாம். காப்பாற்றுவது மாத்திரையும் உப்பும்தான், கத்தி இல்லை. குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சோதனையை எல்லாப் பிரசவ வார்டுக்கும் கொண்டுவராமல், பிறப்புறுப்பின் தோற்றத்தைப் பற்றி எவ்வளவு பதறியிருக்கிறோம்!

அப்புறம், இந்தப் பதிவைப் படிக்கிற பெற்றோர் யாராவது இருந்தால்: ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே 2002 விதியில் இருக்கிறது. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் நோட்ஸ், ஹார்மோன் ரிப்போர்ட், குரோமோசோம் ரிப்போர்ட், எதையாவது அகற்றியிருந்தால் அதன் பயாப்சி ரிப்போர்ட், எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். பீரோவில் நகையும் பத்திரமும் இருக்கிற இடத்தில் வையுங்கள். பிள்ளை கேட்கிற வயது வந்ததும் கையில் கொடுத்துவிடுங்கள்.