செப்டெம்பரில் ஆழம் வேண்டாம், பச்சைப் பாசியைத் தேடுங்கள்

கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற சிம்கோ ஏரியில் மீன் பிடிப்பது பற்றிய உங்கள் கட்டுரைக்கு நன்றி. "செப்டெம்பர் பிறந்தால் மீன் ஆழத்துக்குப் போய்விடும், தூண்டில் கீழே இறங்க ஈயக் குண்டைக் கூட்டுங்கள்" என்ற இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ரொறன்ரோவிலிருந்து பல வருடமாக அங்கே தூண்டில் போடப் போகிறேன்.

கோடை முழுக்க சூடான தண்ணீர் மேலேயும் குளிர்ந்தது கீழேயும் கலக்காமல் கிடக்கும். அடித்தண்ணீரில் ஒட்சிசன் மிகவும் குறைவது கோடை முடிகிற நேரத்தில்தான். மேல்தண்ணீர் நன்றாகக் குளிர்ந்து, கனத்து இறங்கி, காற்றும் சேர்ந்து ஏரியைப் புரட்டிய பிறகே அது சீராகும். அதுவரை பேர்ச், பாஸ் ஆகிய மீன்கள் பெரும்பாலும் பாசி (தண்ணீருக்குள் வளரும் செடி) ஓரங்களில்தான் இரை தேடும்.

பாசியிலும் வித்தியாசம் உண்டு. தூண்டிலில் மாட்டி வருவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சையாக, மொறுமொறுவென்று ஒடிந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். பழுப்பாக வழுவழுத்தால் உடனே இடம் மாறுங்கள், அழுகும் பாசி ஒட்சிசனைத் தின்றுவிடும்.

பேர்ச்சுக்குச் சின்னத் தூண்டில், மெல்லிய தங்கூசி (தூண்டில் நூல்), ஒரு துண்டு மண்புழு போதும். தங்கூசியை விரலில் தொட்டபடி இருங்கள். முதலில் லேசான தட்டு வரும், அதற்கு இழுக்காதீர்கள். பாரம் தெரிந்ததும் மணிக்கட்டை மட்டும் உயர்த்துங்கள்.

படகில் போகிறவர்கள் தயவுசெய்து உயிர்காப்புச் சட்டையைக் கழற்ற வேண்டாம். வடமேற்குக் காற்று எழும்பினால் அந்த ஏரியில் அலை சட்டென்று உயரும்.