மூன்று மாடு பூட்டிய வினைச்சொல்

காட்பாடியில் இரவு ஒன்பது மணிக்கும் சுவர் சுடுகிறது. மின்விசிறி அனலைத்தான் சுழற்றி அடிக்கிறது. அந்த நேரம் பார்த்து மகள் ஸ்போக்கன் இங்கிலீஷ் நோட்டை என் மடியில் வைக்கிறாள். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ் என்கிற இங்கிலீஷ் வினைக்காலத்தில் ஐந்து வாக்கியங்கள், நாளைக் காலையே வேண்டுமாம்.

வில், ஹாவ், பீன், அப்புறம் வாலில் ஐஎன்ஜி. ஒரு வினைச்சொல்லை இழுக்க மூன்று மாடுகள்! பெர்ஃபெக்ட் என்றால் முடிந்தது. கன்டினியூயஸ் என்றால் முடியவில்லை. முதலில் அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

'மே கடைசிக்குள் அக்னி வெயில் 25 நாளாகக் கொளுத்திக்கொண்டிருந்திருக்கும்' என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே மூச்சு வாங்கியது. வேலூர்க் கோட்டை அகழி ஓரம் நுங்கு விற்பவர் இப்படியா பேசுகிறார்? 'மே கடைசி வந்தால் 25 நாள் ஆகிவிடும்.' முடிந்தது கதை. அந்த ஒரு 'ஆகிவிடும்' போதும்.

சரி, விதியாவது ஒழுங்காக இருக்கிறதா? 'வில் ஹாவ் பீன் வெயிட்டிங்' சரியாம். 'வில் ஹாவ் பீன் நோயிங்' தப்பாம். 'தெரியும்' என்று பொருள்படும் இந்த 'நோ'வுக்கு ஐஎன்ஜி ஆகாது, 'வில் ஹாவ் நோன்' என்று எழுத வேண்டுமாம். இத்தனைக்கும் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இந்தக் காலத்தை எப்போதாவதுதான் தொடுகிறார்கள். என் வீட்டில்தான் தினமும்.

"அப்பா, இன்னும் மூன்று வாக்கியம் பாக்கி."