மாரடைப்பு வந்தவருக்கு அந்தப் பவுடர் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை நம் குழுவில், ஆர்ஜினின் பவுடர் இதயத்துக்கு நல்லது என்று அதை விற்கிறவர் சொன்னதில் தொடங்கிய சண்டை எல்லோருக்கும் தெரியும், முழுதாகத் திரும்ப எழுதவில்லை. மாரடைப்பு வந்து எழும்பியவர்களுக்கு ஆர்ஜினின் பவுடர் கொடுக்காதீர்கள் என்று ஒரு வரிதான் போட்டேன். அதற்குப் பெயர் பொறாமையாம்.

ஆர்ஜினின் ஒரு அமினோ அமிலம். உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்கிறது, அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது, சரி. ஆனால் பரிசு கிடைத்தது பவுடருக்கு இல்லை. குழாய் விரிந்தால் இதயத்துக்கு நல்லதுதானே என்று நினைத்துத்தான் அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 153 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நாளுக்கு 9 கிராம் ஆர்ஜினின், மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்து, ஆறு மாதம். இதயம் இரத்தத்தைத் தள்ளும் வலு கூடவில்லை. ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்றப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 2006இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த விசயம் இது, நான் கட்டிய கதை இல்லை.

சின்ன ஆய்வு என்கிறீர்கள். உண்மைதான், அந்தச் சாவுகள் தற்செயலாகவும் இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் நன்மை எங்கே?

நிலக்கடலையிலும் மீனிலும் இருக்கிறதே என்றார் ஒருவர். சாப்பிடுங்கள், யார் தடுத்தது? நான் சொல்வது கரண்டி கரண்டியாகக் கரைத்துக் குடிக்கும் பவுடரை.

என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து மூன்றாம் மாதம் லண்டனில் இருந்து சித்தப்பா அந்தப் பவுடரில் ஒரு பேணி அனுப்பினார். பாசத்தில்தான் அனுப்பினார். அப்பா காலைத் தேத்தண்ணிக்கு முன்னால் அதைக் குடித்துவிட்டு பிரஷர் குளிசையும் போடுவார். ஒரு நாள் டச்சு பே கடற்கரையில் இருந்து எழும்பும்போது தலைசுற்றி மணலில் விழுந்தார். அந்தப் பவுடரால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இரண்டும் பிரஷரை இறக்கும், கிளினிக் கொப்பியில் குளிசை மட்டும்தான் எழுதியிருந்தது. விசயத்தைக் கேட்டதும் டாக்டர் பவுடரை நிறுத்தச் சொன்னார்.

நீ என்ன டாக்டரா என்று கேட்டீர்கள். இல்லை. விற்கிறவரும் இல்லை, அவரிடம் மட்டும் ஏன் யாரும் அதைக் கேட்கவில்லை?

போன வருசம் உங்கள் அம்மாவுக்கு அட்டாக் வந்த இரவு விடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் உங்களோடு நின்றவள் நான், அண்ணா. அப்போது எனக்குப் பொறாமை இருந்ததா? என்னை என்னவும் சொல்லுங்கள். அம்மாவுக்கு அந்தப் பவுடர் கொடுக்கிறீர்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.