ஞானப்பல் எடுத்த அன்னைக்கே கொப்பளிக்காதீங்க
ஞானப்பல் எடுத்ததும் உப்புத் தண்ணியில உடனே கொப்பளிக்கணும்னு ஒரு கட்டுரையில படிச்சேனுங்க, அது தப்புங்க. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது. பல் இருந்த குழியில உறைஞ்சு நிக்கிற ரத்தம்தான் எலும்புக்கு மூடி. அது பெயர்ந்துட்டா 2, 3 நாள் கழிச்சுக் காது வரைக்கும் இழுக்குற வலி வரும், வாயும் நாறும்.

நம்ம பொள்ளாச்சிப் பக்கம் உடனே இளநீர் வாங்கிக் கொடுப்பாங்க. தாராளமாக் கொடுங்க, ஆனா ஸ்ட்ரா வேண்டாம், டம்ளர்ல ஊத்திக் கொடுங்க. உறிஞ்சுறதும் காறித் துப்புறதும்தான் அந்த மூடியைக் கிளப்புது. பீடி, சிகரெட் 3 நாளாவது ஆகாதுங்க.

மறுநாள்ல இருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணிக்கு அரை ஸ்பூன் உப்பு, மெதுவாக் கொப்பளிச்சாப் போதும். குழிக்குள்ள கிராம்புத் தைலத்தை நீங்களா ஊத்தாதீங்க, வெந்து புண்ணாயிரும். வலி கூடிட்டே போனா டாக்டர்கிட்டக் காட்டி, குழியைக் கழுவி மருந்து வெச்சுக்கோணும்.