ஒரே அளவுக் கல்தான் நியாயம்

ராணுவக் கல்லறையில் குடும்பத்தார் விருப்பப்படி கல் வைக்க முடியாதது கொடுமை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். வரிசையாக ஒரே மாதிரிக் கற்கள். அதிகாரியா சிப்பாயா என்பது கிட்டப் போய் எழுத்தைப் படித்தால்தான் தெரியும். இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, பதவி, இனம், மதம் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். வழக்கமான கல்லுக்கு உயரம் 81 செ.மீ.

நான் அவிநாசிக்காரன். பக்கத்துத் திருமுருகன்பூண்டியில் கல் வேலைக்கு அளவைப் பார்த்துத்தான் விலை. அவரவர் விருப்பம் என்று விட்டால் வசதியானவர் மகனுக்கு மண்டபம் எழும்பும், பண்ணையத்துக் கூலிக்காரர் மகனுக்கு ஒரு பலகைக்கல் கிடைக்கும். இரண்டு பேரும் கொடுத்தது ஒரே உயிர்தானே?

எங்கள் ஊர் எல்லையில் ஒரு புலிக்குத்திக் கல் இருக்கிறது, புலியோடு சண்டையிட்டு இறந்தவருக்கு வைத்த நடுகல். இடுப்பளவுதான். ஈட்டியோடு ஒருவர், பாயும் புலி, அவ்வளவுதான், பேர்கூடக் கிடையாது. அப்புச்சி (அம்மாவின் அப்பா) பொங்கலுக்குப் பொங்கல் அதற்கு எண்ணெய் பூசுவார்.

ஒரு குறை மட்டும் எனக்கும் உண்டு. கல்லில் பொறிக்கக் குடும்பத்தார் சொல்லும் வரிக்கு, முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு 66 எழுத்துதான் என்று வைத்தார்களே, பெற்றவளுக்கு அது போதுமா? அதைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருக்கலாம்.