பிக்கப் மாற்றுவதற்கு முன்னால் ஒரு ஸ்கேலை எடுங்கள்

பெங்களூரில் கிட்டார் வைத்திருக்கும் நம்மாட்கள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) மாற்றப் போகும்போது வாட்ஸப் குழுவில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எஃப் ஸ்பேஸ் வாங்கவா, சாதா வாங்கவா?" உடனே பத்துப் பேர் பதில் போடுவார்கள். "ஃபெண்டர் மாதிரி கிட்டார்னா எஃப், கிப்சன் மாதிரின்னா சாதா, அவ்ளோதான் ப்ரோ." அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட "உன் கிட்டார்ல எத்தனை மி.மீ. இருக்கு?" என்று திருப்பிக் கேட்பதில்லை. என் குறையே அதுதான்.

"எஃப்" என்பது அளவு இல்லை, வெறும் பெயர்: பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே நிற்கும் உலோகத் தண்டுகள் (போல்கள்) சாதாவைவிடக் கொஞ்சம் அகலமாக விரிந்த வகை. டிமார்ஜியோ கம்பெனியின் எஃப் ஸ்பேஸ் ஹம்பக்கரில் (இரட்டைச் சுருள் பிக்கப்பில்) முதல் போலுக்கும் ஆறாவது போலுக்கும் நடுவே ஏறத்தாழ 51 மி.மீ. சீமோர் டங்கன் இதே வேலைக்கு விற்கும் ட்ரெம்பக்கரில் ஏறத்தாழ 52.6. சாதா வகையில் முன்னது 48.3, பின்னது 49. ஆக "எஃப் ஸ்பேஸ் வேணும்" என்று மட்டும் சொன்னால் 1.5 மி.மீ. வித்தியாசமுள்ள இரண்டு பொருளில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். விலாசம் கேட்டால் "கோயில் பக்கத்துல" என்று சொல்வது மாதிரி.

அடுத்த குழப்பம், எங்கே அளப்பது என்பது. பெரும்பாலானவர்கள் பிரிட்ஜ் சேடிலில் (பாடிப் பக்கம் தந்தி உட்காரும் முட்டில்) அளந்துவிட்டு அதே எண்ணுக்கு பிக்கப் தேடுகிறார்கள். தந்திகள் நட்டிலிருந்து (தலைப் பக்க முட்டிலிருந்து) பிரிட்ஜ் வரை விரிந்துகொண்டே போகின்றன. பிக்கப் உட்காரும் இடத்தில் அகலம் சேடிலில் இருப்பதைவிடக் குறைவு.

கணக்கு எளிது. நட்டிலிருந்து சேடில் வரை தந்தி நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. பிரிட்ஜில் ஆறாவது தந்தி மையத்திலிருந்து முதல் தந்தி மையம் வரை 52.5, நட்டில் 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 17.5. பிரிட்ஜ் பிக்கப் சேடிலிலிருந்து 40 மி.மீ. தள்ளி இருந்தால் 17.5-ஐ 648-ஆல் வகுத்து 40-ஆல் பெருக்குங்கள், 1.1 வரும். ஆக அங்கே 51.4. நெக் பிக்கப் 155 மி.மீ. தள்ளி இருந்தால் 4.2 குறைந்து 48.3. அதே கிட்டாரில் பிரிட்ஜுக்கு எஃப், நெக்குக்கு சாதா என்று வருவது இதனால்தான். செட்டாக இரண்டும் எஃப் என்று வாங்கி நெக்கில் போட்டால், வெளிப் போல்கள் தந்திக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

பழைய பாணி ஆறு ஸ்குரூ ட்ரெமோலோ பிரிட்ஜ் (கைப்பிடியை ஆட்டி சுருதியை அசைக்கும் வகை) என்றால் சேடிலில் 56 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். புதிய இரண்டு போஸ்ட் வகையில் 52.4 சுமார். தந்தியைப் பூட்டும் ஃப்ளாய்ட் ரோஸ் வகையில் 53 ஒட்டி. நம் ஊரில் கிடைக்கும் பட்ஜெட் கிட்டார்களில் ஒரு தந்திக்கும் அடுத்ததுக்கும் 10.5 அல்லது 10.8 மி.மீ. என்று வரும், ஐந்தால் பெருக்கினால் 52.5 அல்லது 54. டப்பாவில் என்ன போட்டிருந்தாலும் சரி, அளந்து பாருங்கள்.

அளக்க 0.5 மி.மீ. கோடு உள்ள ஸ்டீல் ஸ்கேல் போதும். வெர்னியர் வேண்டுமென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் டிஜிட்டல் வெர்னியரும் மல்டிமீட்டரும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். பிக்கப் நடுவில் வரும் இடத்தில், தந்திகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை எடுங்கள். 10-46 செட் (0.010 முதல் 0.046 அங்குலத் தடிமன் தந்திகள்) என்றால் அதில் 0.7 கழித்தால் மையத்துக்கு மையம் வந்துவிடும். போல்களுக்கு அதைவிட சுலபம்: எல்லாம் ஒரே விட்டம் என்பதால் முதல் போலின் இடது விளிம்பிலிருந்து ஆறாவது போலின் இடது விளிம்பு வரை வைத்தால் நேரடி விடை. கவர் இல்லாத சிங்கிள் காயிலில் (ஒற்றைச் சுருள் பிக்கப்பில்) மட்டும் இரும்பு வெர்னியரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். காந்தம் படக்கென்று இழுத்து, முனை காயிலில் குத்தினால் கதை முடிந்தது. அந்த 42 கேஜ் செம்புக் கம்பியின் தடிமன் 0.06 மி.மீ. சொச்சம். பிளாஸ்டிக் ஸ்கேல் வையுங்கள்.

சரி, அளந்தாயிற்று, 2 மி.மீ. ஒத்துவரவில்லை. தலையில் கை வைக்கலாமா? வேண்டாம். மொத்த வித்தியாசம் 2 என்றால் ஒரு பக்கத்துக்கு 1. அதுவும் வெளித் தந்திகளுக்கு மட்டும். இரண்டாவது, ஐந்தாவதுக்கு 0.6, நடு இரண்டுக்கும் 0.2. போலின் விட்டம் ஏறத்தாழ 5 மி.மீ. என்பதால் தந்தி இன்னும் போலுக்கு மேலேதான் இருக்கிறது. ஒரு முழு டோன் பெண்ட் போட்டால் (தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி சுருதி ஏற்றினால்) தந்தி இதைவிட அதிகம் நகர்கிறது, அப்போது யாரும் சத்தம் குறைந்தது என்று புகார் சொல்வதில்லையே. ஒரு பக்கம் 1.5 மி.மீ. வரை காதுக்குத் தெரியாது, கண்ணுக்குத்தான் தெரியும் என்பது என் கட்சி. கண்ணுக்காகக் காசு செலவழிப்பதும் குற்றமில்லை. ஆனால் அதை "டோன்" என்று சொல்லாதீர்கள்.

நிஜமாகவே கெடுவது வேறு இடத்தில். விலை குறைந்த சிங்கிள் காயில் செட்கள் பல 48, 50, 52 என்று மூன்று அளவில் வரும். 48 நெக்குக்கு, 52 பிரிட்ஜுக்கு. மாட்டுகிற அவசரத்தில் இரண்டும் இடம் மாறிவிடும். பழைய பாணி 56 மி.மீ. பிரிட்ஜில் பிரிட்ஜ் பிக்கப் இடத்தில் தந்தி அகலம் 55 சுமார் இருக்கும். அங்கே 48 மாட்டினால் ஒரு பக்கம் 3.5 மி.மீ. விலகல். தந்தி போலைவிட்டு முழுசாக வெளியே. போலே காந்தமாக இருக்கும் தண்டுக் காந்த பிக்கப்பில் முதல் தந்தி சோர்ந்து போவதை அப்போது நன்றாகவே கேட்கலாம்.

கவரிலும் இதே வம்பு. 52 மி.மீ. போல் உள்ள பிக்கப்புக்கு 50 மி.மீ. ஓட்டை உள்ள கவரை அழுத்தி மாட்டினால், போல்கள் உள்பக்கம் வளையும். பழைய பாணி ஃபைபர் பிக்கப்பில் கம்பி நேராகக் காந்தத்தின் மேலேயே சுற்றியிருக்கும். காந்தம் கொஞ்சம் அசைந்தாலும் உள்சுற்று அறுந்துவிடலாம். அப்புறம் மல்டிமீட்டரில் 6 கிலோ ஓம் காட்ட வேண்டியது ஒன்றுமே காட்டாது. கவர் நிறம் பார்த்து ஆர்டர் போடும்போது ஓட்டை அளவையும் பாருங்கள்.

இன்னொன்று. இரண்டு பக்கமும் சமமாக விலகினால் அது ஸ்பேசிங் பிரச்சினை. ஆறாவது தந்தி போலுக்கு உள்ளேயும் முதல் தந்தி போலுக்கு வெளியேயும் இருந்தால் அது ஸ்பேசிங்கே இல்லை, நெக் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. முதல் தந்தி ஃப்ரெட் ஓரத்தில் வழுக்கி விழுகிறதா என்று பாருங்கள், உறுதியாகிவிடும். போல்ட் நெக் என்றால் தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி, பின்னால் நாலு ஸ்குரூவையும் அரைச் சுற்று விட்டு, நெக்கை மெதுவாகத் தள்ளி, திரும்ப முறுக்குங்கள். இதற்குப் போய் புது பிக்கப் வாங்கியவர்கள் இந்த ஊரில் உண்டு.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் பிளேடு வகை: டங்கன் ஹாட் ரெயில்ஸ், டிமார்ஜியோ ஃபாஸ்ட் ட்ராக் மாதிரி. நீளமான இரும்புப் பட்டை, தந்தி எங்கே போனாலும் அதன் மேலேதான். இஎம்ஜி 81-இலும் உள்ளே பட்டைதான். ஆனால் பட்டையில் ஒவ்வொரு தந்திக்கும் தனியாக உயரம் திருக முடியாது, அது விலை.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் விற்பவரிடம் "அண்ணா, போல் ஸ்பேசிங் எவ்ளோ?" என்று கேட்டால் "ஸ்டாண்டர்டுதான் ப்ரோ" என்று வரும். அதை ஏற்காதீர்கள். போல்கள் மேல் ஸ்கேல் வைத்து நேர் மேலிருந்து எடுத்த போட்டோ கேளுங்கள். சாய்வாக எடுத்தால் 1 மி.மீ. தப்பும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் டியூட்டி, கூரியர் எல்லாம் கட்டி, ஒத்துவராமல் திருப்பி அனுப்ப இன்னொரு கூரியர். அதற்கு இந்த போட்டோ எவ்வளவோ மேல்.

வயரிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை: நிறத்தை நம்பாதீர்கள். டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் போகும் கம்பி), சிவப்பும் வெள்ளையும் சேர்த்துக் கட்டவேண்டும், பச்சையும் வெறும் கம்பியும் கிரவுண்ட். டிமார்ஜியோவில் சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் சேர்த்து, பச்சையும் வெறும் கம்பியும் கிரவுண்ட்.

மாட்டி முடித்ததும் கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து உயரம் வையுங்கள். ஹம்பக்கருக்கு தந்திக்கும் போலுக்கும் நடுவே பிரிட்ஜில் 1.6, நெக்கில் 2.4 மி.மீ.யில் தொடங்கலாம். முதல் தந்தி கொஞ்சம் அடங்கிக் கேட்டால் அந்தப் பக்க ஸ்குரூவைக் கால் சுற்று ஏற்றுங்கள், சின்ன விலகலுக்கு இதுவே மருந்து. தண்டுக் காந்த சிங்கிள் காயிலில் மட்டும் ஏற்றுவதில் பேராசை வேண்டாம். ஆறாவது தந்தி 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே இரண்டு சுருதி கலந்த மாதிரி நெளிந்தால், காந்தம் தந்தியை இழுக்கிறது என்று அர்த்தம். நெளிவு நிற்கும்வரை இறக்குங்கள்.